டர்போவுக்குப் போகும் ஆயில் லைன், திரும்பும் ஆயில் லைன்: உள்ளூரிலேயே செய்துகொள்ளலாமா?

கேள்வி இதுதான்: கோவையில் இருக்கும் ஒருவர், பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கில் நிசான் இன்ஜினிலிருந்து கழற்றிய காரெட் டி25 டர்போவைப் பொருத்துகிறார். டிராக்கில் மட்டும் ஓட்டப் போகிறார். மேனிஃபோல்ட் தயார். ஆயில் லைன் கிட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மனம் வரவில்லை. போகும் லைனை ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் அடித்து வாங்கிக்கொண்டு, ரிட்டர்னுக்கு ரேடியேட்டர் ஹோஸைப் போட்டால் போதும் என்று நண்பர் சொல்கிறாராம். சரிவருமா என்று கேட்கிறார்.

பாதி சரிவரும். போகும் லைனை ஹைட்ராலிக் கடையில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டும் ஹோஸ் உங்களுக்கு ஆகாது. ரிட்டர்னுக்கு ரேடியேட்டர் ஹோஸ் கூடவே கூடாது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் காசையும் கவனத்தையும் போகும் லைனில் கொட்டுகிறார்கள், ஏனென்றால் அதில்தான் பிரஷர் இருக்கிறது. சொந்தமாகச் செய்த டர்போ கார்கள் புகைவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ரிட்டர்ன் லைன்தான். உங்கள் யோசனையில் முக்கால் பங்கை அதற்கு ஒதுக்குங்கள்.

டர்போவின் நடு உடலுக்குள் ஒரு தண்டு. அதன் ஒரு முனையில் எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்பைன் சக்கரம், மறுமுனையில் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கம்ப்ரஸர் சக்கரம். ஓட்டத்தில் இது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும். டி25-இன் வழக்கமான வகை ஜர்னல் பேரிங், அதாவது குண்டு எதுவும் இல்லாத வெறும் உலோக வளையம். தண்டு வளையத்தைத் தொடாமல் மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுற்றுகிறது. படலம் சில விநாடி அறுந்தாலும் உலோகம் உலோகத்தில் உரசிவிடும். மசகு போடுவதோடு, டர்பைன் பக்கமிருந்து வரும் சூட்டை அள்ளிக்கொண்டு போவதும் ஆயிலின் வேலை. இரண்டையும் முடித்துக் கீழே விழும்போது அதில் பிரஷர் மிச்சமில்லை. அத்தனை வேகத்தில் சுழலும் தண்டு அடித்ததில், தூக்கி ஆற்றிய டீ மாதிரி நுரைத்துப்போய், காற்றோடு கலந்து விழும். உள்ளே போகும்போது மெல்லிய தாரை; வெளியே வரும்போது உப்பிய நுரை. ஒரு லைன் ஒல்லியாகவும் மற்றது அதைப்போல மூன்று மடங்கு தடிமனாகவும் இருப்பது இதனால்தான்.

சரி, முதலில் போகும் லைன். ஆயிலை எங்கிருந்து எடுப்பது? சிட்டியில் இருக்கும் டி-சீரிஸ் ஹோண்டா இன்ஜினில் ஆயில் பிரஷர் சுவிட்ச் பிளாக்கின் பின்பக்கம், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரை) பார்த்தபடி, ஆயில் ஃபில்டருக்கு அருகில் இருக்கிறது. ஃபில்டரைத் தாண்டி வரும் சுத்தமான ஆயில் அங்கே கிடைப்பதால் அதுதான் சரியான இடம். சுவிட்சைக் கழற்றி ஒரு டி-ஃபிட்டிங் (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு, ஒரு வாயில் சுவிட்சைத் திரும்ப மாட்டி, இன்னொரு வாயிலிருந்து டர்போவுக்கு லைன் எடுக்க வேண்டும். இடமில்லை என்று சுவிட்சைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு இனிமேல்தான் உங்களுக்கு அதிகம் தேவைப்படும். ஹெட்டிலிருந்து எடுத்தால் லைன் நீளம் குறையுமே என்று சிலர் யோசிப்பார்கள். ஹோண்டாவில் ஹெட்டுக்கு ஆயில் ஏறும் வழியிலேயே ஒரு சின்னத் துளை வைத்து அளவைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். அதற்கப்பால் எடுத்தால் கேம்ஷாஃப்டின் பங்கைப் பிடுங்கி டர்போவுக்குக் கொடுத்ததாகும்.

மரை விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. ஹோண்டாவின் அந்த ஓட்டை 1/8 அங்குல பி.எஸ்.பி. டேப்பர் (நுனி நோக்கிக் குறுகும் பிரிட்டிஷ் குழாய் மரை), அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்கக் கிட்டுகளில் வரும் ஃபிட்டிங் 1/8 என்.பி.டி., அங்குலத்துக்கு 27 மரை. பல்லின் கோணமும் வேறு, என்.பி.டி.யில் 60 டிகிரி, பி.எஸ்.பி.யில் 55. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று போகும், அப்புறம் இறுகும். இறுகிவிட்டது என்று நம்பி ஸ்பேனர் போட்டால், ஒன்று கசியும், அல்லது பிளாக்கின் மரை போய்விடும். இந்தியாவில் பிளம்பிங் முதல் ஹைட்ராலிக் வரை பி.எஸ்.பி.தான் புழக்கம் என்பதால், கடையில் ‘1/8 பி.எஸ்.பி. டேப்பர்’ என்று கேட்டாலே சரியானது கிடைத்துவிடும். டர்போ பக்கத்து மரை மட்டும் டர்போவுக்கு டர்போ மாறும். டி25-ஐக் கையோடு எடுத்துப் போய் கடையில் மரை கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டி-ஃபிட்டிங் பித்தளையில் வேண்டாம், ஸ்டீலில் வாங்குங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜினின் அதிர்வில், ஒரு பக்கம் சுவிட்சும் இன்னொரு பக்கம் ஹோஸும் தொங்கினால், பித்தளை டி கழுத்தில் விரிசல் விடும். விரிசல் விட்டால் இன்ஜினுக்கான ஆயிலும் சேர்ந்தே வெளியே போகும், டர்போ மட்டும் என்று நின்றுவிடாது. ஆயில் பிரஷர் மீட்டர் போடுகிறவர்கள் அந்தப் பெரிய டப்பா மாதிரியான சென்சாரை இதே டி-யில் தொங்கவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். சென்சாரைத் தனியாக ஒரு சின்ன ஹோஸ் வழியாக எடுத்து ஓரிடத்தில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். டி-யே வேண்டாம் என்றால் ஆயில் ஃபில்டருக்கு அடியில் வைக்கும் சாண்ட்விச் பிளேட் இருக்கிறது. ஹோண்டா ஃபில்டரின் மரை எம்20×1.5. அந்த அளவில் பிளேட் பரவலாகக் கிடைக்கும், இரண்டு மூன்று எடுப்பு வாயும் இருக்கும். என்னைக் கேட்டால் இடம் இருந்தால் பிளேட்தான் மேல்.

அடுத்து ஹோஸ். ஹைட்ராலிக் கடையில் உங்களுக்கு ஆர்1 அல்லது ஆர்2 ஹோஸை எடுத்துக் காட்டுவார்கள். உள்ளே நைட்ரைல் ரப்பர், நடுவில் ஒரு பின்னலோ இரண்டு பின்னலோ ஸ்டீல் கம்பி, மேலே கறுப்பு ரப்பர். ‘இருநூறு பார் தாங்கும் சார், ஜே.சி.பி.க்கே இதுதான்’ என்பார்கள். உண்மைதான், தாங்கும். ஆனால் நம் லைனில் இருப்பது ஐந்தாறு பார். காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது இன்னும் கொஞ்சம் கூடும். பிரஷர் நமக்குப் பிரச்சினையே இல்லை, சூடுதான் பிரச்சினை. அந்த ரப்பருக்குச் சாதாரணமாக 100 டிகிரி செல்சியஸ்தான் வரம்பு. டிராக்கில் ஆயிலே 120 டிகிரியைத் தாண்டும். பக்கத்திலிருக்கும் டர்பைன் ஹவுசிங் முழு த்ராட்டிலில் செந்நிறமாகவே ஒளிரும். சில மாதங்களில் அந்த ரப்பர் கட்டையாகி, வளைத்தால் வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும்.

கேட்க வேண்டியது டெஃப்லான் ஹோஸ். ஹைட்ராலிக் வட்டாரத்தில் அதை ஆர்14 என்பார்கள்: உள்ளே வெள்ளை டெஃப்லான் குழாய், மேலே ஸ்டெயின்லெஸ் கம்பிப் பின்னல். 200 டிகிரிக்கு மேலும் தாங்கும், ஆயிலில் ஊறாது. பாய்லர், கெமிக்கல் ஆலை, டையிங் யூனிட் போன்ற இடங்களுக்குப் போகும் சரக்கு இது. எனவே எல்லாக் கடையிலும் இல்லாவிட்டாலும் கோவை, திருப்பூர் பக்கம் தேடினால் கிடைக்கும். அளவு கால் அங்குலம். மோட்டார் ஸ்போர்ட் பேச்சில் இதுதான் ‘ஏ.என். 4’, அந்த எண் ஒரு அங்குலத்தில் 16-இல் எத்தனை பங்கு என்பதைக் குறிப்பது, 4 என்றால் கால், 10 என்றால் ஐந்தெட்டு. முனைகளுக்கு 37 டிகிரி ஜே.ஐ.சி. ஃபிட்டிங்கை கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். அது ஏ.என். ஃபிட்டிங்கோடு பொருந்தும். பிரேக் லைனில் வரும் 45 டிகிரி ஃபிளேரை இதோடு சேர்க்காதீர்கள். மரை பிடித்தாலும் முகம் உட்காராது, எவ்வளவு இறுக்கினாலும் ஆயில் வியர்த்துக்கொண்டே இருக்கும்.

ஜர்னல் பேரிங் டர்போவுக்குப் போகும் லைனில் ஆயிலின் அளவைக் குறைக்கும் தடுப்புத் துளை தேவையில்லை. யாரோ சொன்னார்கள் என்று 1 மில்லிமீட்டர் துளை போட்டு அடைத்துவிடாதீர்கள். அது பால் பேரிங் டர்போக்களுக்கான சங்கதி, அவற்றுக்கு ஆயில் குறைவாகப் போதும். உங்களுடையது எந்த வகை என்பதை டர்போவின் மேல் உள்ள எண் தகட்டைப் பார்த்தோ தெரிந்தவரிடம் காட்டியோ உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அதே குடும்பத்தில் இரண்டு வகையும் உண்டு. இன்ஜினின் ஆயில் பிரஷரையும் முதலிலேயே மெக்கானிக்கல் மீட்டர் வைத்துப் பாருங்கள். நன்றாகச் சூடான டி-சீரிஸில் ஐடிலில் குறைந்தது 10 பி.எஸ்.ஐ., 3000 ஆர்.பி.எம்.மில் 50 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்பது ஹோண்டாவின் கணக்கு. அது இல்லாத இன்ஜினில் டர்போ போடுவது வீண் செலவு.

சிட்டியில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி. ஆயில் எடுக்கும் இடம் பின்பக்கம். ஆகவே லைன் இன்ஜினைச் சுற்றித்தான் வர வேண்டும். ஒரு கட்டுக்கம்பியை வழியெல்லாம் வளைத்து ஓடவிட்டு, அதை நீட்டி அளந்து, அந்த அளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பாசிட்டிவ் முனை அந்த வழியில்தான் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் பின்னல் மின்சாரம் கடத்தும் என்பது நினைவிருக்கட்டும். ஒரு தடவை உரசினால் போதும், பொறி பறந்து ஹோஸிலேயே ஓட்டை விழும். தவிர, அந்தப் பின்னல் ஓர் அரம். அலுமினியமோ வயர் இன்சுலேஷனோ எதன் மேல் உரசினாலும் அதை அறுத்துவிடும். ஹோஸ் முழுக்க ஃபயர் ஸ்லீவ், அதாவது கண்ணாடி நாரின் மேல் சிவப்பு சிலிகான் பூசிய உறை போட்டால், சூடு, உரசல், ஷார்ட் மூன்றுக்கும் ஒரே மருந்து. முனையை கிரிம்ப் செய்வதற்கு முன்பே உறையை உள்ளே நுழைத்துவிட வேண்டும், அப்புறம் நுழையாது.

கிளாம்ப் போடும்போது ஒரு விஷயம். லைனின் இரண்டு முனையும் இன்ஜினோடு சேர்ந்தவை. இன்ஜின் மவுண்டில் ஆடும்போது லைன் முழுவதும் கூடவே ஆடும், பாதகமில்லை. நடுவில் ஒரு கிளாம்பை ஃபயர்வாலிலோ சேசிஸிலோ அடித்துவிட்டால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இன்ஜின் ஹோஸைப் பிடித்து இழுக்கும். கிளாம்ப் எல்லாமே இன்ஜின் மேலேயே இருக்கட்டும். டெஃப்லான் ஹோஸை முறிகிற அளவுக்கு மடக்கக் கூடாது. ஒருமுறை மடிந்த இடம் மடிந்ததுதான், நிமிர்த்தினாலும் உள்ளே சுருக்கம் நிற்கும். அதைத் தூக்கிப் போடுங்கள்.

ஹோஸுக்குப் பதில் உலோகக் குழாய் போடலாமா என்றும் கேட்பீர்கள். கம்பெனியிலிருந்து வரும் டர்போ கார்களில் பெரும்பாலும் இரும்புக் குழாய்தான். நன்றாக வளைத்து, நடுவில் ஒரு சுற்று சுருள் விட்டு, பாஞ்சோ போல்டும் (நடுவில் ஆயில் போகத் துளையுள்ள போல்ட்) இரண்டு பக்கமும் புதிய செம்பு வாஷரும் போட்டால் அது ஹோஸைவிட நீடிக்கும். தாமிரக் குழாய் மட்டும் வேண்டாம். வளைக்கச் சுலபமாக இருக்கிறதே என்று ஏ.சி. கடையில் வாங்கிப் போடுகிறார்கள். அதிர்வில் தாமிரம் நாளாக நாளாக இறுகி, ஃபிளேர் கழுத்தில் அறுந்துபோகும். அறுந்தால் ஆயில் விழுவது எக்ஸாஸ்ட் மேல்.

இனி ரிட்டர்ன். இங்கே ஆயிலைத் தள்ள எதுவும் இல்லை, தன் எடையில்தான் இறங்க வேண்டும். அது தயங்கினால் பேரிங் ஹவுசிங் நிரம்பும். டர்போவின் இரண்டு முனையிலும் இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரியான மெல்லிய உலோக வளையங்கள், ரப்பர் ஆயில் சீல் கிடையாது. ஹவுசிங் காலியாக இருக்கும்வரைதான் அவை ஆயிலைத் தடுக்கும். நிரம்பிவிட்டால் ஆயில் டர்பைன் பக்கம் கசிந்து, சைலன்சரில் நீலப் புகையாக வரும். ‘டர்போ சீல் போயிடுச்சு’ என்று நல்ல டர்போவைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்புகிறவர்கள் ஏராளம். திரும்பி வந்ததும் அதே புகைதான் வரும், ஏனென்றால் குழாய் அதேதான்.

விதி எளிமையானது: தடிமனாக, குட்டையாக, செங்குத்தாக. உள்விட்டம் 16 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, அரை அங்குலத்துக்குக் கீழே எங்கேயும் குறுகக் கூடாது. முழங்கை ஃபிட்டிங்குகளின் உள்ளே பல சமயம் துளை சின்னதாக இருக்கும். பென்சிலை விட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கிடைமட்டமாக ஓடும் பகுதியோ, கீழே இறங்கி மேலே ஏறும் தொட்டிலோ இருக்கவே கூடாது. சரிவு, செங்குத்திலிருந்து 30 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. சிட்டியில் டர்போ முன்பக்கம் தொங்குவதால் சம்ப், அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, நேர் கீழேயே இருக்கிறது. ஒரு அடிக்குள் வேலை முடிந்துவிடும். அதற்கு முன் டர்போவின் நடு உடலைச் சுழற்றி, ஆயில் நுழையும் வாய் மேலேயும் வடியும் வாய் நேர் கீழேயும் வருமாறு வையுங்கள். இரண்டு ஹவுசிங்கின் போல்ட்டையும் தளர்த்தினால் சுழலும். இதைச் செய்யாமல் குழாயை அளந்தால் எல்லாம் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

குழாயை லேத் பட்டறையில் செய்யலாம். 8 அல்லது 10 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில், டர்போவின் கேஸ்கட்டை மாதிரியாக வைத்து ஃபிளேஞ்ச் வெட்டி, அதில் சீம்லெஸ் குழாயை வெல்ட் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங் சூட்டில் ஃபிளேஞ்ச் வாழைப்பட்டை மாதிரி லேசாக வளைந்திருக்கும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் எமரி ஷீட்டை விரித்து, சில சொட்டு ஆயில் விட்டு, ஃபிளேஞ்சின் முகத்தை அதில் எட்டு எழுதுவதுபோலத் தேயுங்கள். முதலில் ஓரங்களில் மட்டும் பளபளக்கும், நடுவில் கறுப்பு நிற்கும். கறுப்பு முழுக்க மறையும்வரை தேய்த்தால்தான் முகம் சமமாகியிருக்கிறது. குழாயின் உள்ளே ஒட்டியிருக்கும் வெல்டிங் மணிகளையும் செதிலையும் கம்பி பிரஷ் விட்டு எடுத்துவிட வேண்டும். பொருத்தும்போது கேஸ்கட் மட்டும். சிலிகான் பேஸ்ட் வேண்டாம். பிதுங்கி உள்ளே போகும் பேஸ்ட் துணுக்கு ரிட்டர்னில் பாதி வாயை மூடும், போகும் பக்கத்தில் மொத்தத்தையும் மூடும். இதே காரணத்துக்காகத்தான் மரைகளில் பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப்பும் வேண்டாம் என்கிறேன். டேப்பர் மரைக்குத் திரவ த்ரெட் சீலன்ட் போதும், ஃபிளேர் மரைக்கு ஒன்றுமே தேவையில்லை.

மேலிருந்து வரும் இரும்புக் குழாயையும் சம்பிலிருந்து நீளும் குழாயையும் இணைக்க நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் ரப்பர் ஹோஸ் இருந்தால் போதும். ரேடியேட்டர், ஹீட்டர் ஹோஸ்கள் இ.பி.டி.எம். ரப்பரால் ஆனவை. தண்ணீருக்கும் கூலன்டுக்கும் அருமையான சரக்கு. ஆயில் பட்டால் ஊறி, உப்பி, களிபோல ஆகிவிடும். நம்பிக்கை வராவிட்டால் ஒரு துண்டை வெட்டி, சூடான இன்ஜின் ஆயிலில் போட்டுவிட்டு, மறுநாள் விரலால் நசுக்கிப் பாருங்கள். இன்டர்கூலருக்குப் போடும் நீல நிற சிலிகான் ஹோஸும் சரியில்லை. சாதாரண சிலிகான் வழியே ஆயில் வியர்த்து வெளியே வரும். உள்பக்கம் ஃப்ளூரோ பூச்சு உள்ள சிலிகான் ஹோஸ் கிடைத்தால் முதல் தரம். இல்லையென்றால் ஆயிலுக்கென்றே வரும் நைட்ரைல் ஹோஸ் போட்டு, அதற்கும் ஃபயர் ஸ்லீவ் மாட்டி, தேய்மானப் பொருள் என்று எண்ணி அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள். குழாய் முனைகளில் சின்ன மேடு ஒன்று உருட்டிவிடச் சொல்லுங்கள், அப்போதுதான் ஹோஸ் நழுவாது.

கடைசியில் சம்ப். சிலர் சம்பைக் கழற்றாமலே, ட்ரில் பிட்டில் கிரீஸ் தடவி ஓட்டை போடுகிறார்கள். இரும்புத் தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. எல்லாம் ஒட்டாது. இன்ஜினில் ஆயில் முதலில் ஸ்ட்ரெய்னர் வழியாகப் பம்புக்குப் போகும், பம்பைத் தாண்டித்தான் ஃபில்டர். ஸ்ட்ரெய்னர் வலையில் புகுந்துவிடும் பொடி பம்பைத்தான் முதலில் கீறும். சம்பைக் கழற்றுங்கள். எக்ஸாஸ்ட் பைப்பை எப்படியும் இறக்கத்தானே போகிறீர்கள்.

கழற்றியதும் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, சாதாரண வெல்டிங் போதும். ஒட்டாவிட்டால் அலுமினியம், டிக் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது ஓட்டை போட்டு பல்க்ஹெட் ஃபிட்டிங்கை இரண்டு பக்கமும் டவுட்டி வாஷர் (ரப்பர் விளிம்புள்ள உலோக வாஷர்) வைத்து நட்டால் இறுக்குங்கள். எபாக்சி வைத்து ஒட்டலாமே என்ற யோசனையை ஆரம்பத்திலேயே கைவிடுங்கள்.

ஓட்டை எங்கே என்பதுதான் முக்கியம். ரிட்டர்ன் ஆயில் மட்டத்துக்கு மேலே நுழைய வேண்டும். மட்டத்துக்குக் கீழே நுழைந்தால் நுரைத்த ஆயில் தேங்கிய ஆயிலை எதிர்த்து இறங்க வேண்டும், அது இறங்காது. சம்பைக் கழற்றுவதற்கு முன் டிப்ஸ்டிக்கின் மேல் கோடு சம்பில் எந்த உயரத்தில் வருகிறது என்று அளந்து, வெளியே மார்க்கரில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். டிராக்கில் பிரேக் போடும்போது ஆயில் முன்பக்கம் ஏறும், உங்கள் ஓட்டையும் முன்பக்கம்தான். அதனால் கோட்டுக்குச் சற்று மேலே என்பது போதாது. சம்பின் மேல் விளிம்புக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள், விளிம்பு போல்ட்டுக்கு ஸ்பேனர் போகும் இடம் மட்டும் விட்டு. உள்ளே கிராங்க் வாரி இறைக்கும் ஆயில் நேராக அந்த வாயில் அடிக்காத இடமா என்றும் பாருங்கள். தடுப்புத் தகடு இருந்தால் அதன் மறைவில் வைப்பது உத்தமம்.

வெல்ட் கசிகிறதா என்று பார்க்கப் பட்டறைகளில் வழிவழியாக ஒரு சோதனை இருக்கிறது. வெல்டின் வெளிப்பக்கம் முழுக்கச் சாக்பீஸைக் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். உள்பக்கம் மண்ணெண்ணெய் ஊற்றி, வெல்ட் மூழ்குமாறு சம்பைச் சாய்த்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் வெள்ளைப் பூச்சில் ஊசி முனை அளவு ஈரப் புள்ளி தெரிந்தால் அங்கே துளை இருக்கிறது. தண்ணீர் வெளிவராத இடத்திலும் மண்ணெண்ணெய் ஊர்ந்து வந்துவிடும் என்பதால் இதை நம்பலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் புகை வந்தால் கிராங்க்கேஸ் காற்றோட்டத்தைப் பாருங்கள். சம்புக்குள் காற்றழுத்தம் கூடினால் அது ரிட்டர்ன் குழாய் வழியே மேலே தள்ளும், ஆயில் இறங்காது. அந்தக் காற்றை இன்டேக்குக்கு வெளியேற்றும் பி.சி.வி. வால்வ் அடைத்திருக்கலாம். அல்லது பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தம், வரும்போது அது மூடாமல், இன்டேக் அழுத்தம் அதன் வழியே இன்ஜினுக்குள் புகுந்துகொண்டிருக்கலாம். டர்போ இல்லாத இன்ஜினுக்கான வால்வ் பூஸ்ட்டை எதிர்பார்த்துச் செய்ததல்ல. லைனில் ஒரு நல்ல ஒருவழி வால்வ் சேர்த்துவிடுங்கள்.

பொருத்துவதற்கு முன் ஹோஸைக் கழுவ வேண்டும். வெட்டும்போது விழுந்த கம்பித் துணுக்கும் டெஃப்லான் பொடியும் உள்ளே இருக்கும். பிரேக் கிளீனரை விட்டு, கம்ப்ரஸர் காற்றால் இரண்டு பக்கமிருந்தும் ஊதி, கீழே வெள்ளைத் துணி பிடித்துப் பாருங்கள். துணி சுத்தமாக வரும்வரை விடாதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். ஃப்யூயலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ரிட்டர்ன் ஹோஸை சம்பிலிருந்து கழற்றி ஒரு டப்பாவுக்குள் விட்டு, இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆயில் வந்து விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே மற்றதெல்லாம். அப்புறம் ஹோஸை மாட்டி, ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து, இன்ஜினைக் கிளப்பி ஐடிலில் விட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். நன்றாகச் சூடேறிக் குளிர்ந்ததும் எல்லா ஃபிட்டிங்கையும் மறுபடி ஒருதரம் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், டிராக்குக்குப் போகும்போதும் காரில் இருக்கட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்டின் சூட்டுக்கு ஆயில் பற்றிக்கொள்ளப் பொறிகூட வேண்டாம்.

டிராக்கில் மட்டும் என்று நீங்கள் சொன்னது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. கோவையின் ரேஸ் டிராக்கான கரி ஸ்பீட்வேக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஓடி முடித்து உள்ளே வந்ததும் உடனே இன்ஜினை அணைக்க வேண்டாம். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். சூட்டோடு நிறுத்தினால் பேரிங்கில் தங்கிய ஆயில் கருகிக் கரியாகும், அந்தக் கரிதான் பின்னால் ரிட்டர்ன் வாயைச் சுருக்கும். டி25-இல் கூலன்ட் வாய்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவற்றையும் இணையுங்கள், மூடிவிடாதீர்கள். நல்ல சிந்தெடிக் ஆயில் போடுங்கள். முதல் டிராக் நாள் முடிந்ததும் அந்த ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டித் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. வெள்ளி மினுக்கமோ வெண்கலத் துகளோ தெரிந்தால், கம்ப்ரஸர் முனையைப் பிடித்துத் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் பக்கவாட்டு ஆட்டம் ஜர்னல் பேரிங்குக்கு இயல்பு. சக்கரம் ஹவுசிங்கைத் தொடுகிறது என்றாலோ, முன்னும் பின்னும் இழுத்தால் அசைகிறது என்றாலோ, அடுத்த தடவை கிளப்புவதற்கு முன் டர்போவைக் கழற்றிவிடுங்கள்.